நூதனசாலையில் நமக்கு என்ன வேலை?

கடந்த ஓகஸ்ட் மாதம் ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் மகன் குடும்பத்துடன் இலங்கைக்கு வந்திருந்தார். மூன்று வாரப் பயணம். எங்கே, எந்த நாளில், யாருடைய வீட்டில் மதியச் சாப்பாடு என்பது வரை அங்கேயே தீர்மானித்துப் பட்டியலிட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நல்லூர்த் திருவிழா, கீரிமலை, கோணேசர் கோயில், நுவரெலியா என்று நீண்ட அப்பட்டியலில் கொழும்புக்கு நான்கு நாட்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த நான்கும் வெள்ளவத்தைச் சேலைக் கடைகளுக்கும், காலி முகத்திடலுக்கும், உறவினர் வீட்டு விருந்துகளுக்கும் உரியவை.

"ஒரு காலைப்பொழுது நூதனசாலைக்குப் போய்வரலாமே" என்றேன்.

"அது அவையின்ர வீடு மாமா. அங்க எங்களுக்கு என்ன கிடக்கு?" என்றார் மருமகன்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நெடுநாள் அறிந்த ஓர் உண்மையை நினைவூட்டுபவர் போலச் சொன்னார். இந்த வாக்கியத்தை நான் முதல் தடவையாகக் கேட்கவுமில்லை. கொழும்பில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து ஒருநாளேனும் அந்த வாசலை மிதிக்காத தமிழ்ப் பேராசிரியர்களையும் மருத்துவர்களையும் எழுத்தாளர்களையும் எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் லண்டனுக்கும் பாரிஸுக்கும் செல்லும்போது அங்குள்ள அருங்காட்சியகங்களின் வாசலில் வரிசையில் நின்று, படம் எடுத்து அனுப்புவார்கள். தலைநகரங்களின் அருங்காட்சியகங்களைப் பார்ப்பதில் நமக்கு விருப்பம் இல்லாமல் இல்லை. நம்முடைய நாட்டின் தலைநகரில் இருப்பதை மட்டும் பார்ப்பதில்லை. (சட்டப்படி தலைநகரம் 1982 முதல் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை, வழக்கத்தில் கொழும்புதான். நானும் அவ்வழக்கத்தையே பின்பற்றுகிறேன்.)

மருமகன் வரவில்லை. அவருடைய பதினாறு வயது மகள் வருவதாகச் சொன்னாள். சேலைக் கடையிலிருந்து தப்புவதே அவளுடைய முதல் நோக்கம் என்பதை நான் அறிவேன். நோக்கம் எதுவாயினும் துணை கிடைத்தது.

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து கொழும்புக்குக் 'கல்விச் சுற்றுலா' வந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். யாழ்தேவியில் வந்திறங்கி, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, துறைமுகம், இரத்மலானை விமான நிலையம், நூதனசாலை என்று ஒரே மூச்சில் பார்த்து முடிப்போம். நூதனசாலையைப் பற்றி அன்று என் நினைவில் நின்றது ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு மட்டுமே. சிங்களப் பொதுமக்கள் பேச்சில் அந்தக் கட்டடத்தின் பெயர் 'கட்டுகே', அதாவது எலும்பு வீடு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அந்நாளைய சென்னைவாசிகள் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சிச்சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் பாமரர் கண் ஒன்றாகவே பார்த்திருக்கிறது. நம்மவர் மட்டும் பழம்பொருட்களை வைத்திருக்கும் வீட்டுக்குப் புதுமை என்ற பொருள்படும் 'நூதனம்' என்ற சொல்லைச் சூட்டினர். வியப்புக்குரிய பொருட்களின் சாலை என்ற கருத்திலே அப்பெயர் வந்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

கறுவாத்தோட்டத்தில், விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அண்மையில், ஆலமரங்கள் நிழல்செய்யும் புல்வெளிக்குப் பின்னால் அந்த வெள்ளைக் கட்டடம் நிற்கிறது. 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறக்கப்பட்டது. முன்னால் சிலையாக நிற்பவர் அதை அமைப்பித்த தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரி. அயர்லாந்துக்காரர். லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்த கலை ஆர்வலர். அதே கிரெகரிதான் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் நிலவிய 1847இல், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு அரச நிவாரணம் இல்லை என்ற விதியைப் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தவர். பசியால் வாடிய குடியானவன் நிலத்தைக் கைவிட்டால்தான் கஞ்சி கிடைக்கும் என்ற நிலை அதனால் உண்டானது. இன்றும் அயர்லாந்துச் சரித்திர நூல்களில் அந்த விதிக்கு அவர் பெயரே வழங்குகிறது. கொழும்பில் அவர் பெயர் சொன்னால் நூதனசாலையும் அநுராதபுரத்துக் குளங்களும் நினைவுக்கு வரும். ஒரே மனிதர், இரண்டு தீவுகள், இரண்டு நினைவுகள். சிலையடியில் நின்று இதைச் சொன்னபோது பேத்தி, "அப்ப எந்த ஆள் உண்மையான ஆள், தாத்தா?" என்று கேட்டாள். இரண்டு பேரும்தான் என்றேன்.

கட்டடத்தை வரைந்தவர் ஜே.ஜி. ஸ்மிதர் என்ற அரசாங்கக் கட்டடக் கலைஞர். கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தகாரர். திறப்பு விழாவில் தேசாதிபதி அவரிடம் என்ன வெகுமதி வேண்டும் என்று வினவியதாகவும், வெள்ளிக்கிழமைகளில் இவ்விடத்தை மூடிவைக்க வேண்டும், அது போதும் என்று அவர் கேட்டதாகவும், அந்த வழக்கம் நெடுங்காலம் பேணப்பட்டதாகவும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. செய்தியின் ஒவ்வொரு சொல்லுக்கும் நான் உத்தரவாதம் தரமாட்டேன். கட்டியவர் பெயர் மெய். 'அவையின்ர வீடு' என்ற சொல் இந்த வாசற்படியிலேயே இடறத் தொடங்குகிறது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

உள்ளே நுழைந்ததும் எதிர்ப்படுவது அநுராதபுரம் தொலுவிலவில் கிடைத்த தியான நிலைப் புத்தர் சிலை. அதன் அமைதியை வியக்க ஒருவர் பௌத்தராக இருக்க வேண்டியதில்லை. ஆயினும் தமிழர் ஒருவர் முதலில் காண்பது அதுவாக இருப்பதால், 'நான் சொன்னேனே' என்று திரும்பிவிடுவதும் நிகழ்கிறது. சற்றுப் பொறுமையோடு மேலும் சில அடிகள் எடுத்துவைத்தால் பொலன்னறுவையின் வெண்கலங்கள் இருக்கின்றன. நான் பேத்தியை அழைத்துச் சென்றதும் அவற்றுக்காகவே.

1907, 1908ஆம் ஆண்டுகளில் தொல்பொருளியல் ஆணையாளர் எச்.சி.பி. பெல் பொலன்னறுவையின் சிவாலயங்களை அகழ்ந்தபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டவை இவை. நடராசர், உமாதேவியார், சிவனடியார்கள். வார்க்கப்பட்டது பொலன்னறுவையிலா, சோழநாட்டிலா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். அந்த வாதத்தில் எனக்கு ஆர்வம் குறைவு. ஆலயத்தில் எழுந்தருளியிருந்த திருவுருவங்கள் மண்ணுக்குள் போயின என்றால், அவற்றை ஒளித்தவர்கள் மீண்டும் வருவோம் என்று எண்ணித்தான் ஒளித்திருப்பார்கள் என்ற நினைப்பே அவற்றின் முன் நிற்கும்போது எனக்கு முதலில் எழும். இது என் ஊகம். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இடம்பெயரும் முன் கிணற்றடியிலும் பனையடியிலும் நகையைப் புதைத்துவிட்டுப் போனவர்களைப் பார்த்த ஒருவனின் ஊகம்.

அடியார்களுள் சுந்தரமூர்த்தி நாயனாரின் உருவம் என்னை எப்போதும் தடுத்து நிறுத்தும். இளைஞர். தலை சற்றே நிமிர்ந்து, எதையோ இப்போதுதான் கண்டுவிட்டவர் போன்ற முகம். மன்னார்த் திருக்கேதீச்சரத்தின்மீது பதிகம் பாடியவர் அவர். இராமேசுவரத்தில் நின்றே பாடினார், கடல் கடக்கவில்லை என்பது மரபுச் செய்தி. வராத மனிதருக்குப் பொலன்னறுவையில் திருவுருவம் இருந்தது என்றால், அவருடைய பாட்டு அவருக்கு முன்னே வந்து சேர்ந்திருக்கிறது என்பதே பொருள்.

இந்த வெண்கலங்களை உலகறியச் செய்தவர்களும் நம்மவர்களே. ஆனந்த குமாரசுவாமி 1877இல், நூதனசாலை திறக்கப்பட்ட அதே ஆண்டில், அதற்கு எட்டிப்பிடிக்கும் தூரத்திலுள்ள கொள்ளுப்பிட்டியில் பிறந்தார். பிரதானமாகக் கொழும்பு நூதனசாலையில் உள்ள இலங்கை வெண்கலங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1914இல் அந்நூதனசாலையின் வெளியீட்டு வரிசையிலேயே முதலாவதாக வந்தது. மூன்றாண்டுகளின் பின் அவர் அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பொறுப்பேற்றுச் சென்றார். மேற்குலகம் நடராசரைப் பார்க்கும் பார்வையையே மாற்றினார். அவருடைய மைத்துனர் முறையினரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் இதே வெண்கலங்களை முன்வைத்துச் சிவ வழிபாட்டின் தத்துவத்தை விளக்கி அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைக்கு ஆய்வுரை எழுதினார். அரசியல் தலைவர் ஒருவர் நூதனசாலைக்குப் போய்ப் பார்த்து, படித்து, எழுதிய காலமும் ஒன்று இருந்தது. இன்றைய தலைவர்களிடம் இதை எதிர்பார்ப்பது அநியாயம் என்பதால் விட்டுவிடுகிறேன். நூதனசாலைக்கு அண்மையில் உள்ள வீதி ஒன்றுக்கு ஆனந்த குமாரசுவாமியின் பெயர் இருக்கிறது. அதன் வழியே முச்சக்கர வண்டியில் போகும் தமிழருள் எத்தனை பேர் அவர் எதைப் பற்றி எழுதினார் என்று உள்ளே போய்ப் பார்த்திருப்பர்?

நாங்கள் நின்றிருந்தபோது முதிய மாது ஒருவர் நடராசர் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் கூப்பி வணங்கினார். பேத்திக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. எனக்கு இல்லை. கண்ணாடிக்கும் விளக்குக்கும் இலக்கத்துக்கும் நடுவில் வைக்கப்பட்டாலும் அது திருவுருவம் என்பதை மறக்காத ஒருவராவது அங்கு வந்துபோவது நல்லதுதான்.

அடுத்து, காலி மும்மொழிக் கல்வெட்டு. இதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் ஒரே பாட்டு: 'பாருங்கள், அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே மூன்று மொழிகள், மூன்று மதங்கள், என்ன ஒற்றுமை!' அரச விழாக்களில் அமைச்சர்களும் இதைப் பாடுவதுண்டு. கல்லைச் சற்று உன்னிப்பாகப் பார்த்தால் கதை அவ்வளவு இனிமையானதல்ல.

சீனப் பேரரசனின் கடற்படைத் தளபதி செங் ஹே, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு, சீனாவிலேயே வெட்டுவித்துக் கப்பலில் கொண்டுவந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தேவந்துறைக் கோயிலில் உறைந்த தெனவரை நாயனாருக்குக் காணிக்கை. பாரசீகத்தில் இஸ்லாத்தின் இறைவனுக்கு. மூவருக்கும் பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று ஏறத்தாழ ஒரே அளவான காணிக்கைப் பட்டியல். சிங்களம் இல்லை. தென்னிலங்கையின் துறைமுகத்தில் நாட்டப்பட வேண்டிய கல்லில் தமிழ் இருக்கிறது என்றால், அன்றைய இந்துமாக்கடல் வணிகத்தின் மொழிகளில் தமிழும் ஒன்று என்பதைச் சீனன் அறிந்திருந்தான். அது நமக்குப் பெருமைதான். ஆனால் 1411இல் அதே கடற்படை, இங்கு ஆட்சி செலுத்திய அழகேசுவரரோடு போரிட்டு, அவரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றது. பின்னர் பேரரசன் விடுவித்தான் என்கிறார்கள். மூன்று தெய்வங்களுக்கும் சமமாகக் காணிக்கை செலுத்திய கை அது. வல்லரசுகள் எல்லா மொழிகளிலும் இனிமையாகவே பேசும். 2009க்குப் பின்னரும், 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னரும் இத்தீவுக்கு வந்துபோன வெளிநாட்டுத் தூதுக்குழுக்களின் செய்தியாளர் மாநாடுகளில் அமர்ந்திருந்த எனக்கு இந்தக் கல் சிறிதும் பழையதாகத் தோன்றவில்லை.

இதிலே இன்னொரு முடிச்சும் உண்டு. கோட்டையை அரணாகக் கட்டியவர்கள் அழகக்கோனார் குடும்பத்தினர். தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிக வழியினர்; பின்னர் சிங்கள அரசின் தூண்களானவர்கள்; யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியை எதிர்ப்பதற்காகவே அந்த அரணைக் கட்டினார்கள். இன்றைய சட்டபூர்வத் தலைநகரின் பெயரில் நிற்கும் கோட்டை அதுதான். அவர்களை 'நம்மவர்' பட்டியலில் சேர்ப்பதா 'அவையின்ர' பட்டியலில் சேர்ப்பதா என்று மருமகனிடம் பின்னர் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

கல் 1911இல் காலியில் ஒரு மதகை மூடிய பலகையாகக் கிடந்தபோது பொறியியலாளர் ஒருவரின் கண்ணில் பட்டது. எத்தனை மாட்டுவண்டிகள் அதன்மேல் ஏறிச் சென்றனவோ. பேத்தி கண்ணாடியருகே குனிந்து நின்று தமிழ்ப் பகுதியில் எழுத்துகளைத் தேடினாள். ரொறன்ரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவள். அரித்துப்போன கல். 'ன' ஒன்றையும் 'ய' ஒன்றையும் கண்டுபிடித்துவிட்டு, "இது தமிழ்தான்" என்றாள், தான் அதை உறுதிசெய்ய வேண்டியிருந்தது போல. அங்கு நின்ற அரைமணி நேரத்தில் அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. இதை நான் ஒரு சாதனையாகக் கருதுகிறேன்.

கண்டி மன்னர்களின் சிம்மாசனமும் முடியும் மற்றோரிடத்தில். சிம்மாசனம் 1693இல் ஒல்லாந்தர் விமலதர்மசூரிய மன்னனுக்கு அளித்த பரிசு. 1815இல் கண்டி வீழ்ந்தபோது ஆங்கிலேயர் கைக்குப் போய், வின்சர் மாளிகையில் இருந்து, 1934இல் திரும்பி வந்தது. அதில் கடைசியாக அமர்ந்தவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழியினர். வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். இலங்கையின் கடைசி மன்னரின் உறவும் வேரும் தென்னகத்தில் இருந்தன என்பதைச் சிங்களப் பள்ளிப் பிள்ளையும் அறியும், தமிழ்ப் பள்ளிப் பிள்ளையும் அறியும். இருவரும் அதை வெவ்வேறு காரணத்துக்காக மனனம் செய்கிறார்கள்.

ஒல்லாந்தர் கொடுத்ததும் உண்டு, எடுத்ததும் உண்டு. 1765இல் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனிப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியது. அப்போது எடுத்துச் செல்லப்பட்ட லெவ்கே திசாவையின் பீரங்கி, வெள்ளியும் பொன்னும் மாணிக்கமும் பதித்த சிறியதோர் அழகுப் பொருள், அம்ஸ்ரடாம் அரச அருங்காட்சியகத்தில் இருந்தது. அந்தப் பீரங்கியும், இரண்டு வாள்களும், ஒரு கத்தியும், இரண்டு துப்பாக்கிகளுமாக ஆறு பொருட்களை நெதர்லாந்து அரசு 2023இல் திருப்பிக் கொடுத்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அவை கொழும்பு நூதனசாலையில் காட்சிக்கு வைக்கப்பட்டன. இரு நாட்டு ஆய்வாளர்களும் இணைந்து, எது எப்படிக் கைமாறியது என்று ஆவணங்களைத் தேடி நிறுவிய பின் நிகழ்ந்த மீட்பு அது. கூச்சலால் நிகழவில்லை. நாடே வங்குரோத்தாகிக் கிடந்த காலத்தில் நடந்த அந்த நல்ல செய்திக்கு நமது பத்திரிகைகளில் கிடைத்த இடம் போதாது என்பது என் கருத்து. அன்றைய செய்தி ஆசிரியர்கள் என்னை மன்னிப்பார்களாக.

திரும்பி வராதவையும் உண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையில் கண்டெடுக்கப்பட்ட தாரா தேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை, ஏறத்தாழ 1.4 மீற்றர் உயரம், எட்டாம் நூற்றாண்டளவினது, லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1830இல் அதை அங்கு கொடுத்தவர் றொபேட் பிரவுன்றிக். 1815இல் கண்டியைக் கைப்பற்றிய அதே தேசாதிபதி. சிலையின் மேனி திறந்திருந்ததால் பொதுமக்கள் பார்வைக்கு ஆகாது என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அறிஞருக்கு மட்டும் காட்டிப் பூட்டி வைத்தார்கள். இன்று அனுமதி இலவசம். ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் நம்மவர் சுரங்க ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் அவள் முன் நிற்கலாம்.

தாரா மகாயான பௌத்தத்தின் தெய்வம். ஆதலால் அவள் நம்முடைய இரண்டு பக்க வரலாற்றாசிரியர்களுக்கும் வசதியானவள் அல்லள். இத்தீவின் பௌத்தம் என்றும் தேரவாதமே என்பவருக்கும் அவள் இடைஞ்சல். கிழக்கு என்றும் சைவமே என்பவருக்கும் இடைஞ்சல். இதனாலேயே அவளை நான் விரும்புகிறேன் என்று சொன்னால் இரு தரப்பிலிருந்தும் கடிதம் வரும். வரட்டும். அவள் திரும்பி வரவேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் திரும்புதல் என்றால் எங்கே? வின்சரிலிருந்து வந்ததும் கொழும்புக்கு. அம்ஸ்ரடாமிலிருந்து வந்ததும் கொழும்புக்கு. பொருள் தலைநகருக்கு வந்துவிட்டால் நாட்டுக்கு வந்துவிட்டது என்று நாம் கருதுகிறோம். ஆண்டில் சில மாதங்களாவது திருகோணமலையில் அவள் நின்றாலன்றோ, அந்தக் கரையில் மீன்பிடிப்பவனின் பிள்ளை, அது எந்த மொழி பேசும் பிள்ளையாயினும், தன் ஊர் மண்ணிலிருந்து வந்தவள் இவள் என்று பார்க்க முடியும்? நூதனசாலையின் பாதுகாப்பு, காலநிலைக் கட்டுப்பாடு, காப்புறுதி என்று காரணங்கள் சொல்லப்படும். அவையெல்லாம் நியாயமான காரணங்களே. லண்டனும் ஒருகாலத்தில் கொழும்பைப் பார்த்து அவற்றையே சொன்னது.

தலைநகரிலே குவிப்பது தவறு என்று நான் முழுமையாகச் சொல்லவும் முடியாமல் செய்வது நூதனசாலையின் நூலகம். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் என்னை அங்கு அனுப்பியவர் என் முதல் ஆசிரியர். 'பழைய பேப்பரைப் பார்க்காதவன் புதுப் பேப்பர் எழுதக்கூடாது' என்பது அவர் கொள்கை. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி ஒன்று அங்கு சேர்க்கப்பட வேண்டும். வண்ணார்பண்ணையில் அச்சானதும், பருத்தித்துறையில் அச்சானதும், மட்டக்களப்பில் அச்சானதும். 1981 யூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, 97,000 அளவிலான நூல்கள் சாம்பலாயின என்பது உலகறிந்த செய்தி. அங்கு எரிந்த அச்சு நூல்களில் சிலவற்றுக்காவது இன்னொரு பிரதி கறுவாத்தோட்டத்து அலுமாரி ஒன்றில் இருக்கக்கூடும். ஏட்டுச் சுவடிகளுக்கு அந்த ஆறுதலும் இல்லை. எரித்தவர்களின் தலைநகரில் எரிந்ததன் நகல் இருக்கிறது என்றால் அதை என்னவென்று சொல்வது? அங்கே போய்க் கேட்டுப் பெற்று வாசிப்பவர் இல்லாவிட்டால் அந்தப் பிரதியும் எரிந்ததற்குச் சமம் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

போர்க்காலத்தில் நம்மவர் போகாமல் இருந்ததற்கு நியாயம் இருந்தது. வெள்ளவத்தையிலிருந்து கறுவாத்தோட்டத்துக்குப் போவதற்குள் எத்தனை சோதனைச் சாவடிகள், எத்தனை தடவை அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு. சிலை பார்க்கவா இவ்வளவும் என்று வீட்டிலே இருந்தோம். அந்தக் காலம் கடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கூச்சம் மட்டும் கடக்கவில்லை. 2022 யூலை 9ஆம் திகதி ஆர்ப்பாட்டக்காரர் ஜனாதிபதி மாளிகையினுள் நுழைந்தனர். அதைத் தொடர்ந்த நாட்களில் பொதுமக்கள் குழந்தை குட்டிகளோடு வரிசையில் நின்று, கட்டிலையும் ஓவியத்தையும் குளியலறையையும் பார்த்துவிட்டு வந்தார்கள். கொழும்பில் நடந்த மிகப் பெரிய கண்காட்சி என்று நான் அதைத்தான் சொல்வேன். இது யாருடைய வீடு என்ற தயக்கம் அந்த வரிசையில் எவரிடமும் இருக்கவில்லை. வரிப்பணம் கொடுப்பவனுக்கு உள்ள அந்த உரிமை நூதனசாலைக்கும் பொருந்தும்.

அங்கே இல்லாதவை எவை என்று கேட்பதும் அந்த உரிமையில் அடங்கும். அரச நூதனசாலைகள் அண்மைக் காலத்தைத் தொடத் தயங்கும். இது எந்த நாட்டிலும் உள்ளதுதான். நம் காலத்து முப்பதாண்டுத் துயரத்தின் பொருட்களைக் கொழும்பில் பார்க்க விரும்புபவர் ஓவியர்களிடம்தான் போகவேண்டும். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த படங்களைத் தொகுத்து 2011இல் 'முடிவுறாத தோம்பு' என்ற நூலை ஆக்கினார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. கிணறு இங்கே, மாமரம் அங்கே, சாமியறை கிழக்கே என்று நடுங்கும் கோடுகள். சிம்மாசனத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அந்தக் கோடுகளுக்கும் ஒருநாள் அதே கட்டடத்தில் ஓர் அறை வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் நாம். வாசலுக்கே வராதவர்கள் அறை கேட்டால் யார் காது கொடுப்பார்கள்?

இவ்வளவு எழுதியும் முழு நூதனசாலையையும் நாங்கள் பார்த்துவிடவில்லை. முகமூடிகள், நாணயங்கள், பீங்கான்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். விடுமுறையில் வருவோருக்கு என் ஆலோசனையும் அதுவே. மூன்று பொருட்களைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொன்றின் முன்னும் கால்மணி நேரமாவது நில்லுங்கள். மிகுதியை அடுத்த பயணத்துக்கு வையுங்கள். காலையிலேயே போவது நல்லது. மதியத்துக்குப் பின் பள்ளிக்கூட பஸ்கள் வந்துவிட்டால் பிள்ளைகளின் ஆரவாரத்தில் ஒன்றும் கேட்காது. அந்த ஆரவாரமும் எனக்குப் பிடித்ததுதான்; ஒருகாலத்தில் நானும் திமிங்கிலத்தைப் பார்த்துக் கத்தியவன்.

வெளியே ஆலமரத்தடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மருமகன் தொலைபேசியில் அழைத்து, முடிந்துவிட்டதா என்று கேட்டார். பேத்தி தொலைபேசியை வாங்கி, சுந்தரரைப் பற்றியும் கல்லைப் பற்றியும் ஆங்கிலமும் தமிழும் கலந்து வேகமாகச் சொன்னாள். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, லண்டனில் இருக்கிறது என்று மாமா சொன்ன அந்தச் சிலை திரும்பும் வழியில் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்று கேட்டார். அவர்களுடைய விமானம் ஹீத்ரோவில் ஒன்பது மணி நேரம் தங்கிச் செல்வதாம்.